கருவியைத் திறக்க முன் வரைபடத்தை விரியுங்கள்

இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றுகூட இல்லை. நுரைச்சோலையில் எரிக்கிற கரி முழுவதும் கப்பலில் வருகிறது. ஆனபடியால், வெள்ளவத்தையில் இருந்துகொண்டு ஆழமான நிலக்கரிச் சுரங்கங்களின் பாறை வெடிப்பு அபாயத்தை மதிப்பிடுகிறேன் என்று சொன்னால் கலியாண வீடுகளில் கதை கொஞ்சம் நின்றுபோகும். அப்புறம் யாராவது, "காஸ் வெடிக்கிறதைத்தானே சொல்லுறீர்?" என்று கேட்பார்கள்.

இல்லை. மீதேன் தீப்பிடித்து வெடிப்பது வேறு. பாறை வெடிப்பில் தீ கிடையாது. மேலேயுள்ள பாறையின் பாரத்தில் இறுகிக் கிடக்கும் கரிச்சுவரோ தூணோ ஒரு கணத்தில் நொறுங்கி, தனக்குள் சேர்ந்திருந்த சக்தியோடு ஆட்கள் நிற்கும் பாதைக்குள் பாய்கிறது. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதும் உண்டு. 2005 பெப்ரவரியில் சீனாவின் சுன்ஜியாவான் சுரங்கத்தில் பாறை வெடித்ததும் வாயு கிளம்பியது, வாயு தீப்பிடித்தது. 214 பேர் இறந்தார்கள்.

நான் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் புவி வளப் பொறியியல் படித்தவன். பயிற்சிக்குப் போனது கேகாலைப் பக்கம், போகல காரீயச் (கிராஃபைட்) சுரங்கத்துக்கு. அப்புறம் வெளிநாட்டில் சில வருடம் நிலத்துக்குக் கீழே வேலை. இப்போது ஒரு வெளிநாட்டு ஆலோசனை நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே சுரங்கத் தரவுகளைப் பார்க்கிறேன். எந்த நாடு, எந்தச் சுரங்கம் என்று எழுத ஒப்பந்தம் இடம் தராது. அங்கே காலை ஷிஃப்ட் இறங்கும் நேரம் எங்களுக்கு முற்பகல். அதுவரை மட்டும் சொல்லலாம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லோரும் நேரே போய் நிற்பது, பாறைக்குள் வரும் சிறு அதிர்வுகளைக் காட்டும் மைக்ரோசீஸ்மிக் திரையில்தான். பச்சை, மஞ்சள், சிவப்புப் புள்ளிகள் மினுங்கும். பார்க்கவும் வடிவாக இருக்கும். நான் அதைக் கடைசியில் திறக்கச் சொல்வேன். முதலில் சுரங்க வரைபடம். அபாயத்தின் பெரும்பங்கு, எதை எந்த ஒழுங்கில் வெட்டுவது என்று வரைந்த நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது. கருவிகளால் முடிந்தது, அந்த அபாயம் எப்படி மாறுகிறது என்று காட்டுவது மட்டும்.

கணக்கு எளிது. பாறையின் பாரம் 100 மீற்றருக்கு ஏறக்குறைய 2.5 மெகாபாஸ்கல் என்று ஏறும். 800 மீற்றர் ஆழத்தில் 20. பக்கத்தில் வெட்டி எடுத்த இடத்தின் பாரமும் மீதிக் கரிமேல் சாய்ந்தால் அது எளிதில் இரட்டிக்கும். சேர்கிற மீள்சக்தியோ அழுத்தத்தின் வர்க்கத்தோடு போகிறது. கரியின் மீள்தன்மை மட்டு 3 கிகாபாஸ்கல் என்று வைத்து மேலோட்டமாகக் கணக்குப் பார்த்தால், 20 மெகாபாஸ்கலில் ஒரு கன மீற்றருக்குள் 67 கிலோஜூல்; 40இல் 267 கிலோஜூல். அழுத்தம் இரட்டித்தால் சக்தி நான்கு மடங்கு. இதனால்தான் சராசரி அழுத்தம் என்ற பேச்சையே நான் விரும்புவதில்லை. எங்கே குவிகிறது என்பதுதான் கேள்வி. அதற்கு வரைபடம் வேண்டும்.

வரைபடத்தில் நான் தேடுவது இவை. இரண்டு பக்கமும் வெட்டி முடித்த வெற்றிடம் இருக்க, நடுவில் தனித்து நிற்கும் கரித் தூண். வெட்டுமுகம், அதாவது கரியை வெட்டிக்கொண்டு முன்னேறும் சுவர், நெருங்கிக்கொண்டிருக்கும் பிளவுக்கோடு. மேலே தடித்த மணற்கல் அடுக்கு. மேல் அடுக்கில் முன்பு வேலை செய்தவர்கள் விட்டுப்போன மிச்சத் தூண்கள். கரி அடுக்கு திடீரென்று தடிக்கிற, மெலிகிற, மடிகிற இடம். எதிரெதிராக வந்து சந்திக்கப்போகும் இரண்டு பாதைகள். இவற்றில் இரண்டு மூன்று ஒரே இடத்தில் விழுந்தால் அங்கே சிவப்புப் பென்சிலால் வட்டம். மணற்கல்லைப் பற்றி ஒரு வார்த்தை: கூரையும் தரையும் வலுவாக இருந்தால் நல்லதுதானே என்று மாணவர்கள் கேட்பார்கள். கூரை விழுகிற கவலைக்கு நல்லது. பாறை வெடிப்புக்கு அதுவே வினை. பாக்குவெட்டியில் மாட்டிய பாக்குபோல, வலுவான இரண்டு தாடைகளுக்கு நடுவில் கரி இறுகும். போதாததற்கு, தடித்த மணற்கல் உடனே உடைந்து விழாமல் வெற்றிடத்தின்மேல் நீட்டிக்கொண்டு நின்று, ஒருநாள் மொத்தமாக ஒடியும். அந்த அதிர்வே கீழே இறுகியிருக்கும் கரியை அவிழ்த்துவிடப் போதும்.

வரைபடம் முதலில் என்ற பழக்கம் எனக்கு முன்பே இருந்தது. அதைப் பிடிவாதமாக்கியது 2022 மார்ச். கொழும்பில் மின்வெட்டு ஏறி ஏறி மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது நினைவிருக்கும். ரவுட்டர் செத்துவிடும், கொஞ்ச நேரத்தில் தொலைபேசிக் கோபுரமும் தள்ளாடும். மடிக்கணினியின் மின்கலத்தை அறிக்கை எழுதுவதற்கென்று மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது. காலி வீதியில் ஒரு கடையில் ஜெனரேட்டர் ஓடிய நேரம் பார்த்து, சுரங்க வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சடித்துக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் விரித்தேன். மேல் அடுக்கின் பழைய வரைபடத்தை எண்ணெய்த்தாளில் எடுத்து அதன்மேல் போட்டேன். திரையில் ஒவ்வொரு லேயராகத் திறந்து மூடிப் பார்த்தபோது கண்ணில் படாதது அதில் பட்டது: வெட்டுமுகம் வரப்போகும் வழியில், மேலே மிச்சத் தூண் ஒன்றின் மூலை, கீழே ஒரு சிறு பிளவு, இரண்டும் ஒரே இடத்தில். அங்கிருந்த பொறியியலாளரைத் தொலைபேசியில் பிடித்துச் சொன்னேன். அவர்கள் அந்தப் பகுதியை வெட்டும் வேகத்தைக் குறைத்து, முன்கூட்டியே துளைபோட்டு அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் கடந்தார்கள். அங்கே என்ன நடந்திருக்கும், நடந்திருக்காது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் குழுவில் அச்சடித்த வரைபடம் கட்டாயம்.

வரைபடத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் எப்போதும் எடுப்பது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து கிராண்டால் கனியன் சுரங்கம். இரண்டு பக்கமும் லாங்வால் முறையில், அதாவது நீண்ட சுவராக வெட்டி, கரி எடுத்து முடித்த வெற்றிடம். நடுவில் பிரதான பாதைகளைக் காப்பதற்கென்று விட்டிருந்த தடுப்புத் தூண்கள். கடைசிக் காலத்தில் அந்தத் தடுப்புத் தூண்களுக்குள்ளேயே புகுந்து கரி எடுக்கத் தொடங்கினார்கள். 2007 மார்ச்சில் வடக்குப் பக்கத்தில் பெரிய வெடிப்பு ஒன்று வந்து, அந்தப் பகுதியையே கைவிட வேண்டி வந்தது. சரி, அதோடு நிறுத்தினார்களா? தூண்களைச் சற்று நீளமாக்கிக்கொண்டு தெற்குப் பக்கத் தடுப்புக்குப் போனார்கள். ஓகஸ்ட் 6 அதிகாலையில் தூண்கள் சில நொடிகளில் வரிசையாக உடைந்தன. ஏறக்குறைய அரை மைல் நீளத்துக்குப் பாதைகள் கரியால் அடைபட்டன. உள்ளே ஆறு பேர். மீட்கப் போனவர்கள்மேல் ஓகஸ்ட் 16 அன்று மறுபடி வெடித்து இன்னும் மூன்று பேர் இறந்தார்கள். அந்த ஆறு பேரின் உடல்களும் இன்றுவரை வெளியே எடுக்கப்படவில்லை.

நிலநடுக்கம்தான் சுரங்கத்தை இடித்தது என்று சுரங்க உரிமையாளர் தரப்பு சொன்னது. அதிர்வு 3.9 என்று பதிவாகியிருந்தது உண்மை. ஆனால் எல்லா நிலையங்களிலும் முதல் அசைவு கீழ்நோக்கியே இருந்ததை நிலநடுக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிளவு வழுக்கினால் சில நிலையங்களில் மேலே, சிலவற்றில் கீழே என்று கலந்துதான் வரும். எல்லாம் கீழே என்றால் நிலம் உள்ளே அமுங்கியிருக்கிறது. இடிந்ததுதான் அதிர்வு. இதில் எனக்குப் பெரிய பாடம் மார்ச் மாதத்து வெடிப்பு. எந்தச் சுட்டெண்ணும் தரமுடியாத செய்தியை அந்தச் சுரங்கம் தானே கொடுத்திருந்தது. ஒரு சுரங்கத்தை முதன்முதலாகக் கையில் எடுக்கும்போது, முன்பு எங்கெங்கே வெடித்தது, சின்னதாக என்றாலும் எழுதித் தாருங்கள் என்று கேட்பேன். "பெரிதாக ஒன்றும் இல்லை" என்று பதில் வந்தால் மறுபடி கேட்பேன்.

ஆய்வுகூட எண்களுக்கு வருவோம். சீனத் தரநிலையில் கரிக்கு நான்கு சோதனை: ஒற்றை அச்சு அழுத்த வலிமை, மீள்சக்திச் சுட்டெண், வெடிப்புச் சக்திச் சுட்டெண், உடையும் நேரம். வலிமை 14 மெகாபாஸ்கலுக்கு மேல், மீள்சக்திச் சுட்டெண் 5க்கு மேல், உடையும் நேரம் 50 மில்லி செக்கனுக்குள் என்றால் கடுமையான வகை. உடையும் நேரம் 500ஐத் தாண்டுவதும் மீள்சக்திச் சுட்டெண் 2க்குக் கீழே இருப்பதும் வெடிக்கும் இயல்பு இல்லாத வகையின் அடையாளம். இந்த எண்கள் கரியின் சுபாவத்தைச் சொல்கின்றன. அந்தக் கரி எங்கே, எந்தப் பாரத்தின் கீழ் நிற்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது. இன்னொன்றும் இருக்கிறது. வெட்டி எடுத்து லொறியில் குலுங்கி ஆய்வுகூடம்வரை உடையாமல் வந்து சேர்வது உறுதியான கட்டிகள் மட்டும்தான். பொடிகிற கரி வழியிலேயே போய்விடும். போதாக்குறைக்கு வழியில் காய்ந்தும் விடுகிறது, காய்ந்த கரி முறுகிப்போயிருக்கும். எத்தனை மாதிரி எடுத்தீர்கள், எத்தனை உடைந்தது, எப்படிச் சுற்றி வைத்தீர்கள் என்று கேட்காமல் அந்த அட்டவணையை நான் வாங்குவதில்லை.

எண்களைக் கூட்டிக் கலக்கும் முறையிலும் கவனம் வேண்டும். பரவலாகப் பாவிக்கும் கூட்டுச் சுட்டெண் முறையில் புவியியல் காரணிகளுக்கு ஒரு எண், வெட்டும் முறைக் காரணிகளுக்கு ஒரு எண். இரண்டில் பெரியதை எடுக்க வேண்டும். 0.25, 0.5, 0.75 என்பவை அபாயம் இல்லை, குறைவு, மிதம், கடுமை என்று பிரிக்கும் எல்லைகள். எங்களிடம் வந்த ஒரு எக்செல் கோப்பில் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தார்கள். என்னோடு வேலை செய்கிற பிள்ளை, "அண்ணா, 0.48 வருது, குறைந்த அபாயம் என்று போடட்டா?" என்றாள். "ஃபோர்மியூலாவைத் திறந்து பாரும்" என்றேன். புவியியல் எண் 0.31. வெட்டும் முறை எண் 0.65. வெற்றிடங்களுக்கு நடுவில் தனித்து நிற்கும் தீவுத்தூண் பக்கமாகப் பாதை போவதை அந்த 0.65 கத்திச் சொல்லிக்கொண்டிருக்க, சராசரி அதன் வாயைப் பொத்தியிருந்தது.

துளைத்தூள் சோதனைதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தமானது, மலிவானது என்பதால் மட்டுமல்ல. கரிச்சுவரில் 42 மி.மீ. விட்டத்தில் துளைபோட்டு, மீற்றருக்கு மீற்றர் வெளிவரும் தூளை நிறுக்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: துளையின் குறுக்குப் பரப்பு 13.85 சதுர சென்ரிமீற்றர், ஒரு மீற்றருக்கு 1385 கன சென்ரிமீற்றர், கரியின் அடர்த்தி 1.35 என்றால் 1.9 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சாதாரண இடத்தில் அந்தளவுக்கு வர வேண்டும். அழுத்தம் கூடிய இடத்தில் துளையின் சுவர் தானே நொறுங்கி உள்ளே தள்ளும், தூள் இரண்டு மூன்று மடங்காகும். துளைக்குள் டம் டம் என்று சத்தம் கேட்கும், துளைபோடும் தண்டு இறுகிப் பிடிக்கும்.

எவ்வளவு தூள் என்பதோடு, எந்த ஆழத்தில் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மூன்று மீற்றர் உயரமான அடுக்கில், சுவரிலிருந்து மூன்றாவது மீற்றரிலேயே தூள் எகிறினால் இறுகிய கரிக்கும் ஆட்களுக்கும் நடுவே மெல்லிய மெத்தைதான் இருக்கிறது. அதே எகிறல் பத்தாவது மீற்றரில் என்றால் இடையில் நொறுங்கித் தளர்ந்த கரி தடுப்பாக நிற்கும். கொஞ்சம் மூச்சு விடலாம். அதனால்தான் எல்லை எண்களை அடுக்கின் உயரத்தோடு ஒப்பிட்டுத் தருகிறார்கள்.

அப்புறம் வெற்றுக் கட்டங்கள். படிவத்தில் ஐந்தாவது மீற்றர் 2.1, ஆறாவது 4.8, ஏழாவது வெறுமை, எட்டாவது வெறுமை என்று வரும். மென்பொருள் வெறுமையை விட்டுவிட்டுச் சராசரி எடுத்து, எல்லைக்குள் இருக்கிறது என்று பச்சை காட்டும். ஏன் வெறுமை? தண்டு இறுகிவிட்டது, ஆட்கள் துளையை விட்டுவிட்டார்கள். அதாவது அந்தப் படிவத்தில் ஆக முக்கியமான செய்தி நிரப்பாத அந்த இரண்டு கட்டங்களில் இருக்கிறது. இப்போது எங்கள் படிவத்தில் "தண்டு இறுகியது", "சத்தம் கேட்டது", "தூள் நனைந்திருந்தது" என்று குறிக்க இடம் வைத்திருக்கிறோம். நனைந்த தூளின் எடையை ஒப்பிட முடியாது. அதை மறுபடி போட வேண்டும்.

மைக்ரோசீஸ்மிக் பற்றி இரண்டு விஷயம் மட்டும். முதலாவது, உயரப் பிழை. ஜியோஃபோன்களை, அதாவது அதிர்வு உணரிகளை, அநேகமாகக் கரி அடுக்கின் பாதைகளிலேயே பொருத்துகிறார்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே தளத்தில் இருப்பதால், அதிர்வு கிழக்கே மேற்கே எங்கே என்பது நன்றாக வரும். மேலேயா கீழேயா என்பது சரியாக வராது. மணற்கல்லில் வந்த அதிர்வுக்கும் கரித்தூணுக்குள் வந்த அதிர்வுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு வேறு. ஆகவே இடம் தெரிந்த ஒரு வெடிவைப்பைப் பதிவுசெய்து, கணினி அதை எங்கே காட்டுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கிடைக்கிற பிழையை ஒவ்வொரு படத்திலும் கோடாகப் போடுங்கள். மேலே இருந்தோ, ஆழ்துளை இறக்கியோ வேறு மட்டத்தில் ஒன்றிரண்டு உணரிகள் வைக்கச் செலவு கேட்பதற்கும் அந்தக் கோடுதான் உதவும்.

இரண்டாவது, அமைதி. வெட்டு வேகத்தோடு ஒப்பிடாமல் அதிர்வு எண்ணிக்கையைப் பார்க்கக்கூடாது. இயந்திரம் நின்ற நாளில் அதிர்வு குறைந்தால் அதில் செய்தி இல்லை. இயந்திரம் அதே வேகத்தில் ஓட அதிர்வு மட்டும் திடீரென்று அடங்கினால் நான் நிமிர்ந்து உட்காருவேன். பாறை சிறிது சிறிதாக உடைந்து இறங்க வேண்டியது இறங்காமல் பூட்டிக்கொண்டிருக்கலாம். அல்லது ஒரு கேபிள் அறுந்திருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள். பூரணை தினங்களில் எனக்கு விடுமுறை, சுரங்கத்துக்குப் பௌர்ணமி தெரியாது. அடுத்த நாள் வந்து இரண்டு நாள் தரவைச் சேர்த்துப் பார்க்கும்போது இந்த மாதிரி அடக்கம் பளிச்சென்று தெரியும்.

வெட்டுமுகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது என்பதற்கு 2014 ஏப்ரல் 15 சாட்சி. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ஆஸ்டார் சுரங்கத்தில் பாதை வெட்டிக்கொண்டு போன இடத்தில் பக்கச்சுவர் வெடித்து இரண்டு பேர் இறந்தார்கள். 2018 ஒக்ரோபரில் சீனாவின் ஷாண்டோங் மாகாணத்து லோங்யுன் சுரங்கத்திலும் இறந்த 21 பேர் பாதைப் பகுதியில்தான் நின்றார்கள்.

கீழே நிற்பவர்கள் சொல்வதற்கு நான் ஓரளவு செவிகொடுக்கப் பழகியது, இந்தியாவின் கோலார் தங்கவயலைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு நண்பரால். கோலார் தங்கவயலில் மூன்று கிலோமீற்றருக்கும் கீழே இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அங்கே பாறை வெடிப்பு அன்றாடச் சங்கதி. நண்பர் சொல்வார், வீட்டுப் பெரியவர்கள் பாத்திரம் அதிர்ந்தால் முதலில் மணி பார்ப்பார்களாம், எந்த ஷிஃப்ட் உள்ளே இருக்கிறது என்று. தங்கம் வேறு, கரி வேறு. ஆனாலும் கீழே நிற்பவர் கேட்ட சத்தத்தை நேரத்தோடு எழுதி வாங்கும் வழக்கத்தை நான் அவரிடமிருந்துதான் எடுத்தேன். "மேலே இருந்து இடித்தது", "சுவருக்குள் வெடித்தது" என்று அவர்கள் பிரித்துச் சொல்வது, உயரப் பிழையுள்ள எங்கள் கணினியைவிடப் பல நேரம் உருப்படியாக இருக்கிறது.

மொறட்டுவையில் படிக்கிற தம்பி தங்கைகள் கேட்டால், வாய்ப்பிருக்கும்போதே போகலவிலோ கஹட்டகஹவிலோ ஒருக்கா இறங்கிப் பாருங்கள் என்பேன். காரீயச் சுரங்கத்தில் நிலக்கரியின் பிரச்சினைகள் இல்லை. ஆனால் சுவரைத் தட்டினால் வரும் ஒலி, விளக்கொளியில் ஒரு விரிசலைத் தேடும் சிரமம், ஒரு செய்தியை மேலே சொல்ல ஆகும் நேரம், இவை திரையில் கிடையாது.

அறிக்கை எழுதுவதிலும் ஒன்றைப் பிடிவாதமாக வைத்திருக்கிறேன். "மிதமான அபாயம்" என்று மட்டும் எழுதி அனுப்பினால் கீழே நிற்பவருக்கு என்ன விளங்கும்? எந்தப் பாதையில் எத்தனையாவது மீற்றரிலிருந்து எத்தனையாவது மீற்றர்வரை, என்ன செய்ய வேண்டும், யார் செய்ய வேண்டும். பெரிய விட்டத் துளைபோட்டு அழுத்தத்தை இறக்குவதா, தண்ணீர் ஏற்றுவதா, வேகத்தைக் குறைப்பதா, ஆட்களை எடுத்துவிட்டுத் தூரத்திலிருந்து இயக்குவதா. துளைபோடுவதே வெடிப்பைக் கிளப்பிவிடக்கூடும் என்பதால், போடுகிற இயந்திரத்தின் பக்கத்தில் யார் நிற்கலாம் என்பதும் எழுத வேண்டும். போட்ட பிறகு துளைத்தூள் சோதனையை மறுபடி செய்து எண் இறங்கியதைக் காட்டும்வரை அந்த இடம் திறக்கப்படாது என்பதும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், அந்த ஷிஃப்டில் யாரையும் கேட்காமல் இயந்திரத்தை நிறுத்த அதிகாரம் உள்ளவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும். அங்கிருந்து வரும் படிவத்தில் அந்த இடம் சில நாட்களில் காலியாக இருக்கும், அல்லது தலைமை அலுவலகத்தில் இருக்கிற ஒருவரின் பெயர் இருக்கும். அப்போது நான் அறிக்கையை அனுப்புவதில்லை. அழைப்பை எடுத்து, கீழே இறங்குகிற ஒருவரின் பெயரைச் சொல்லும்வரை வைக்கவும் மாட்டேன்.